கிளவுடு பில்லிங்குக்கு மாறப்போற மதுரைக் கடைக்காரங்க, இதைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க

ரூ. 23,600. இருபதாயிரம், அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்கையெல்லாம் இணையத்துல கம்பெனி சர்வர்லயே வைக்கிற கிளவுடு பில்லிங் சாஃப்ட்வேருக்கு மூணு வருஷச் சந்தான்னு சொல்லி வாங்குனாரு டீலர். கம்பெனிக்குக் கட்டுனது ஒரே வருஷத்துக்கு. நேத்துக் காலையில கீழமாசி வீதிக் கடையில பில் போட உட்கார்ந்தா "சந்தா முடிந்தது"ன்னு திரை நிக்குது. பழைய பில்லைத் திறந்து பார்க்கக்கூட வழியில்ல.

"சிஸ்டம் கருகிப் போனாலும் கணக்கு பத்திரமா இருக்கும்ணே"ன்னாரு. அதுல பொய்யில்ல. லாகின் போடும்போது "மெயில் ஐடி சொல்லுங்கண்ணே"ன்னாரு. "உன்னோடதையே போட்டுக்கப்பா"ன்னு சொன்னதுதான் வினை. கிளவுடுல பணம் கட்டுனவன் ஓனர் இல்ல. அட்மின் மெயில் யார் கையில இருக்கோ அவன்தான் ஓனர். பாஸ்வேர்டு மாத்துற லிங்க்கும் ஓடிபியும் அங்கதான் போகும். கடைக்குக் கொடுத்தது வெறும் பில் போடுற யூசர். டேட்டாவை மொத்தமா இறக்குற பட்டனே அதுல கிடையாது. முன்னாடி டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர், ராத்திரி பென் டிரைவ்ல ஒரு காப்பி, அவ்வளவுதான் வேலை. "இனிமே இது எதுக்குண்ணே"ன்னு அதையும் ஃபார்மட் அடிச்சிட்டுப் போயிட்டாரு.

நேத்துக் கேட்டா "சர்வர்ல வேலை நடக்குதுண்ணே". சாயங்காலம் "கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போட்டிருக்கேன்". இன்னைக்கு ஃபோனே எடுக்கல. கம்பெனி உதவி எண்ல ரொம்ப மரியாதையா "பதிவு செஞ்ச மெயில்லேர்ந்து எழுதுங்க சார்"ங்குறாங்க. அந்த மெயில்தானய்யா அவர்கிட்ட இருக்கு! ரூ. 23,600-க்குக் கொடுத்த ரசீதுல "சர்வீஸ் சார்ஜ்"னு மட்டும் போட்டிருக்கு. மூணு வருஷம்னு ஒரு எழுத்து இல்ல.

போன கணக்கை மீட்கலாம்னு ஜிஎஸ்டி போர்ட்டல்ல பழைய ஜிஎஸ்டிஆர்-1 (நாம தாக்கல் பண்ற விற்பனைக் கணக்கு) இறக்குனா, ஜிஎஸ்டி எண் உள்ள பார்ட்டிகளோட பில் விவரம் கிடைக்கும். சில்லறை விற்பனை மொத்தத் தொகையாத்தான் வரும். யார் எவ்வளவு பாக்கிங்குறது அங்க எங்கயும் இல்ல.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் ஆரம்பிச்சது, இப்ப நேரமில்ல. அட்மின் மெயிலும் மொபைலும் உங்களோடதா இருக்கட்டும். முடியுற தேதியை லாகினுக்குள்ள போய்ப் பாருங்க, டீலர் வாயைப் பார்க்காதீங்க. வாரம் ஒருதரம் எக்செல்லா இறக்கி வைங்க. பிடிஎஃப்பா வச்சா வேற சாஃப்ட்வேர்ல ஏத்துறது பெரும்பாடு. ஒரு மார்ச், அதாவது கணக்கு வருஷம், முடியுற வரைக்கும் பழைய சிஸ்டத்துல யாரையும் கை வைக்க விடாதீங்க.

11-ஆம் தேதிக்குள்ள போன மாச விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 போகணும். பார்ட்டிகளுக்கு ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டு, நம்ம கொடுத்த பில்லையே வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கிட்டிருக்கு கடை.