சம்பளமா, வளர்ச்சியா? அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தக் கணக்கு

ஒப்பந்தப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டால் அமெரிக்க விமானிகள் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். மணி நேர ஊதியமும் வேலை விதிகளும்தான் முக்கியம், நிறுவனத்தின் விரிவாக்கத் திட்டம் நிர்வாகத்தின் கவலை என்கிறது ஓர் அணி. புது விமானங்கள் வந்தால் சீக்கிரம் கேப்டன் ஆகலாம், அதைவிடப் பெரிய சம்பள உயர்வு கிடையாது, எனவே ஊதியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்கிறது மற்றது. இரண்டாவது அணியின் வாதம் நிர்வாகத்துக்கும் வசதியானது என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கேப்டனின் ஆண்டு ஊதியத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு, அதாவது துணை விமானிக்கு, அதில் சுமார் 68. ஊதியத்தில் உறுதியாக நின்ற நிறுவனம் 10 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. அங்கே கேப்டனுக்கு 110, ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு 74.8, ஆனால் கேப்டன் ஆக 8 ஆண்டு பிடிக்கும். வேகமாக வளரும் நிறுவனத்தில் 100, 68. கேப்டன் ஆக 4 ஆண்டு போதும். 12 ஆண்டுகளில் முதல் நிறுவனத்தில் சேர்வது 1038. இரண்டாவதில் 1072. வளர்ச்சி ஜெயிக்கிறது.

இனி அந்த 4 ஆண்டைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 5 ஆண்டு ஆனால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். 6 ஆண்டு ஆனால் வளரும் நிறுவனத்தில் 1008தான், 30 பின்தங்கிவிடுகிறது. ஆக, வளர்ச்சியை நம்பி ஊதியத்தை விட்டவருக்கு ஒரே ஓர் ஆண்டுத் தாமதம்தான் தாங்கும். இடையில் ஓர் ஆண்டு வேலையிழந்து வீட்டில் இருக்க நேர்ந்தால் மேலும் 68 போகும். பணி ஆண்டுகள் கூடக் கூட ஏறும் ஊதியத்தை இதில் சேர்க்கவில்லை; உங்கள் நிறுவனத்தின் ஊதிய அட்டவணையைப் போட்டு இதே கணக்கை மறுபடி செய்யுங்கள்.

தாமதம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் விமானிகளும் நிர்வாகமும் கைவைக்க முடியாத இடத்திலிருந்து. போயிங் விமானங்கள் நேரத்துக்கு வராததால் 2024 மே மாதம் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளைத் தாமாக முன்வந்து சம்பளமில்லா விடுப்பு எடுக்கச் சொன்னது. அதுவும் வேகமாக ஆள் எடுத்து முடித்த கையோடு. மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்பிரிட்டின் கதை இன்னும் கடுமை. 2023 ஜனவரியில் அதன் விமானிகளுக்குக் கணிசமான ஊதிய உயர்வுடன் புது ஒப்பந்தம் வந்தது. அதே ஆண்டு பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் அதன் ஏ320 நியோ விமானங்கள் தரையில் நிற்கத் தொடங்கின. 2024 ஜனவரியில் ஜெட்புளூ விமான நிறுவனத்துடனான இணைப்பை நீதிமன்றம் தடுத்தது. ஏப்ரலில் ஏர்பஸ் விமானங்கள் வருவதைத் தள்ளிப்போட்டு, சுமார் 260 விமானிகளை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்போவதாக அறிவித்தது. நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. ஆட்குறைப்பு, வேலையில் சேர்ந்த வரிசைப்படி அமையும் சீனியாரிட்டி பட்டியலின் அடியிலிருந்து மேலே போகும். வளர்ச்சியை நம்பிக் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேறுகிறார்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. பட்டியலில் நீங்கள் மேலே ஏற இரண்டு வழி: கீழே புதியவர்கள் சேர்வது, மேலே இருப்பவர்கள் ஓய்வு பெறுவது. இரண்டாவதற்குத் தேதி தெரியும். 65 வயதானால் பயணிகள் விமான சேவையில் ஓட்ட முடியாது. அதை 67 ஆக்கும் முயற்சி 2024 விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் இடம்பெறவில்லை. எனவே ஒரு நிறுவனம் "5 ஆண்டில் கேப்டன்" என்றால், அதில் ஓய்வுகளால் வருவது எத்தனை, புது விமானங்களால் வருவது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். ஓய்வுப் பங்கை முழுதாக நம்பலாம். விமானப் பங்கில் பாதியைக் கழித்துக்கொள்வது என் வழக்கமான பரிந்துரை.

உயர்ந்த ஊதியமும் கல்வெட்டு அல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். 2000இல் பெரிய உயர்வு பெற்ற யுனைடெட் விமானிகளின் நிறுவனம் 2002 டிசம்பரில் திவாலானது. 2003இல் ஊதியம் வெட்டப்பட்டது. 2005இல் ஓய்வூதியத் திட்டமே அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. டெல்டா விமானிகள் 2004இல் 32.5 சதவீத வெட்டை ஏற்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசம்: கையெழுத்தான ஊதியத்தைப் பறிக்க நிறுவனம் ஒன்று சங்கத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும், அல்லது திவால் நீதிமன்றப் படியேற வேண்டும். விரிவாக்கத் திட்டத்தை மாற்ற ஓர் அறிவிப்பு போதும்.

உடனே ஏற்பதா, காத்திருப்பதா என்பது அடுத்த ஒப்பீடு. 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936 முதல் விமான நிறுவனங்களுக்கும் பொருந்தும். அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திருத்தத்துக்கான தேதி வரும், அதன் பிறகும் பழைய விதிகளே ஓடும். அரசின் தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, 30 நாள் ஆறப்போட்ட பிறகே வேலைநிறுத்தம் செய்யலாம். அப்போதும் அதிபர் குறுக்கிடலாம்; 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் கிளின்டன் அதை நிறுத்தினார். இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் இழுத்தடிப்பு நிர்வாகத்துக்கே லாபம், இழுத்தடித்த காலத்துக்கும் சேர்த்து முன்தேதியிட்ட ஊதியம் முழுதாகக் கிடைத்தால் தவிர.

ஆனாலும் காத்திருந்தவர்கள் அண்மையில் ஜெயித்தார்கள். 2022 நவம்பரில் யுனைடெட் விமானிகள் 94 சதவீத வாக்கோடு தற்காலிக உடன்பாட்டை நிராகரித்தார்கள். 2023 மார்ச்சில் டெல்டாவில் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு, அதில் 18 உடனடியாக, என்று ஒப்பந்தம் உறுதியானது. அந்த அளவுகோல் கைக்கு வந்ததும் யுனைடெட் விமானிகள் அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 40 சதவீதம் வரை உயர்வோடு முடித்தார்கள். விமானிப் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த நேரம் அது. போட்டி நிறுவனம் ஒன்று விரைவில் கையெழுத்திடப் போகிறது என்று தெரிந்தால் காத்திருங்கள். நீங்களே வரிசையில் முதல் என்றால், டெல்டா செய்ததுபோல யுனைடெட், அமெரிக்கன் இரண்டையும் விடக் குறைந்தது 1 சதவீதம் அதிகம் என்ற விதியை எழுதி வாங்கிவிட்டு முன்னதாக முடிக்கலாம்.

சதவீதத்தை மட்டும் பார்த்து வாக்களிப்பதுதான் நான் காணும் பெரிய தவறு. நான்கு நாள் பயணம்; பேஸிலிருந்து, அதாவது விமானியின் பணித் தளமான விமான நிலையத்திலிருந்து, கிளம்பித் திரும்ப 80 மணி நேரம், அதில் பறந்தது 18 மணி. வெளியே இருக்கும் ஒவ்வொரு 3.5 மணிக்கும் 1 மணி ஊதியம் என்ற விதி இருந்தால் 22.9 மணிக்குச் சம்பளம் வரும். மணி நேர ஊதியம் ஒரு காசு ஏறாமல் 27 சதவீதம் கூடுகிறது. ரிசர்வில், அதாவது அழைத்தால் வரத் தயாராக, இருப்பவரை எத்தனை மணி நேர முன்னறிவிப்பில் அழைக்கலாம் என்பதும் இதே வகை. வேகமாகக் கேப்டன் ஆனவர் கேப்டன்களின் பட்டியலில் கடைசி ஆள், ஆண்டுக்கணக்கில் ரிசர்வில்தான் இருப்பார். ஆகவே வளர்ச்சியை விரும்பும் இளையவருக்குத்தான் ரிசர்வ் விதிகள் மற்ற எவரையும்விட அதிகம் தேவை.

இரண்டு அணியும் சந்திக்கும் இடம் ஸ்கோப் விதி, அதாவது எந்த விமானத்தை யார் ஓட்டுவது என்ற பிரிவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 1997 தகராறும் பிராந்திய ஜெட்களை, அதாவது குறுகிய தூரம் பறக்கும் சிறிய ஜெட்களை, யார் ஓட்டுவது என்பதுதான். இன்று யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்ற பெரிய மூன்று நிறுவனங்களில் வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கும் விமானத்துக்கு உச்சம் 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. எம்ப்ரேயரின் இ175-இ2 அந்த எடையைத் தாண்டியதால் அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்களால் அதை வாங்க முடியவில்லை. ஓர் எண் ஒரு விமானத் திட்டத்தையே முடக்குகிறது என்றால் அதன் பலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நிறுவனம் வளரும்போது அந்த வளர்ச்சி உங்கள் பட்டியலில் விழுமா, மலிவான இன்னொரு பட்டியலில் விழுமா என்பதை இந்தப் பிரிவே தீர்மானிக்கிறது.

ஊதியத்தில் 2, 3 சதவீதம் விட்டுக்கொடுத்துதான் ஆக வேண்டும் என்றால், பதிலுக்கு விமானங்களின் எண்ணிக்கை பற்றிய உறுதிமொழியை வாங்காதீர்கள். ஸ்கோப்பை இறுக்குவதையும், புது விமானங்கள் வராவிட்டால் விட்டுக்கொடுத்த சதவீதம் தானாகத் திரும்பும் என்ற விதியையும், தேதி போட்டு, கேளுங்கள். வளர்ச்சியில் நிர்வாகத்துக்கு உண்மையான நம்பிக்கை இருந்தால் அந்த விதியை எழுதித் தருவதில் அதற்கு நஷ்டம் எதுவும் இல்லை.