செல்லுலோஸ் தாள் என்று சொல்லி பிளாஸ்டிக்கை அனுப்பிவிட்டார்கள், 18,500 ரூபாய் போச்சு

குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். சீசனுக்காக சாக்லேட் சுற்றும் தாள் வாங்கியதில் 18,500 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிகிறது. நம் ஊரில் இதே தொழில் செய்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

மொத்தச் சரக்கு விற்கும் ஒரு செயலியில்தான் ஆர்டர் போட்டேன். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்கு இருக்கும் கெடுபிடி எல்லோருக்கும் தெரியும். அதனால் மரக்கூழில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளில் செய்த செலோஃபேன் தாள்தான் வேண்டும் என்று விற்ற பையனிடம் போனிலேயே சொன்னேன். "அக்கா, நூறு சதவீதம் செல்லுலோஸ், மண்ணில் போட்டால் மக்கிவிடும். நானும் கோத்தகிரிதான், நம்ம ஊர் ஆளையே ஏமாற்றுவேனா?" என்றான் அந்தப் பையன். அந்தப் பேச்சை நம்பித்தான் 18,500 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பினேன்.

சரக்கு வந்தது. சாக்லேட்டை வைத்து இரண்டு முனையையும் முறுக்கினால், கையை எடுத்ததும் முறுக்கு தானாகப் பிரிகிறது. செலோஃபேன் முறுக்கிய இடத்தில் அப்படியே நிற்கும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவிடம் காட்டினேன். செல்லுலோஸை அமிலத்தில் ஊறவைத்து வெடிமருந்தாக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். சுருங்கி, உருகி, சொட்டுச் சொட்டாக விழுந்தது. மெழுகுவர்த்தி அணைத்த நாற்றம்.

"செல்லுலோஸ் உருகவே உருகாதும்மா. உருகுவதற்கு முன்னாலேயே சிதைந்துவிடும். காகிதம் போலக் கருகிச் சாம்பலாகும், வாசனையும் காகித வாசனைதான். இது சுத்தமான பிளாஸ்டிக்," என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "சப்ளையரிடம் கேட்டுச் சொல்கிறேன்". பிறகு "பிரித்த பண்டலை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்". பிரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பதாம்? கொளுத்திய வீடியோவை அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கோத்தகிரிப் பையனின் நம்பர் இப்போது போகவே மாட்டேன் என்கிறது. செயலியின் உதவி எண்ணில் "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி. என் 18,500 ரூபாய் கைக்கு வராமல் எப்படி முடிந்தது? நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு தாளாவது சாம்பிள் கேளுங்கள். முறுக்கிப் பாருங்கள், ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள். பில்லில் 'செல்லுலோஸ்' என்று எழுதித் தராதவனிடம் வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்னாடியே அனுப்பவே அனுப்பாதீர்கள்.