ஒரே ஸ்கைலைன், இரண்டு அளவு: கிட்டா, டை-காஸ்ட்டா?

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஆர்34 கார் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். அதனால் இரண்டு விதமாகவும் வாங்கினேன். ஒன்று தமியா கம்பெனியின் 1/24 பிளாஸ்டிக் கிட், அதாவது பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் மாடல், 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். இன்னொன்று மேட்டல் கம்பெனியின் ஹாட் வீல்ஸ், அச்சில் வார்த்த உலோகப் பொம்மைக் கார் (டை-காஸ்ட்), பத்து வெள்ளியை ஒட்டி. என்னுடையதன் அடியில் 'மலேசியா' என்று பொறித்திருக்கிறது. மேட்டலின் ஆலை பினாங்கில், பிறையில் இருக்கிறது. பக்கத்தில் பட்டவொர்த்தில் இருக்கும் எனக்கு அது உள்ளூர்ச் சரக்கு.

அழகில் போட்டியே இல்லை, கிட்தான். கட்டி முடித்தால் 19 சென்டிமீட்டர் கார். டேஷ்போர்டு, சீட், பிரேக் டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பெயிண்ட் அடிக்கலாம். ஹாட் வீல்ஸ் விரல் நீளம்தான். ஹெட்லைட்டுக்குப் பல்குத்தும் குச்சியால் வெள்ளிப் பொட்டு வைத்தாலே பெரிய காரியம்.

ஆனாலும் நான் டை-காஸ்ட் பக்கம் சாய்ந்தேன். காரணம் ஒன்றே ஒன்று, நம்ம ஊர்க் காற்று.

ஒரு நாள் சாயங்காலம், மழை விட்ட கையோடு, ஃபிளாட் நடைபாதையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து கிட்டின் பாடிக்கு நீல லேக்கர் (வேகமாகக் காயும் பெயிண்ட்) ஸ்ப்ரே அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் பானெட் பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "அங்கிள், காருக்குப் பவுடர் போட்டீங்களா?" என்றான். லேக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்டோடு கலக்கிறது. இங்கே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மழை விட்ட நேரத்தில் அடித்தது என் தப்பு.

அடுத்த தப்பு அதைவிடப் பெரிது. அவசரத்தில் கார் பெயிண்ட் தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். பெயிண்டோடு பிளாஸ்டிக்கும் இளகி, கதவுக் கோடு மழுங்கிப் போனது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டால் பிளாஸ்டிக் பிழைக்கும். எனக்கு இரண்டு நாள் ஆகியும் மூலை முடுக்கில் பெயிண்ட் விடவில்லை.

ஹாட் வீல்ஸிலும் அதே மாதிரி வெளுத்தது. அதே தின்னரை ஜாம் போத்தலில் ஊற்றி, பாடியை மட்டும் ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தேன். காலையில் அவித்த கச்சான் (வேர்க்கடலை) தோல் மாதிரி பெயிண்ட் கழன்று, வெறும் உலோகம் மினுங்கியது. மூன்று முறை உரித்து, நான்காவது முறைதான் நினைத்த நீலம் வந்தது. கற்றுக்குட்டிக்கு இந்த வசதி வேறு எதில் கிடைக்கும்?

பிரிக்கிற வேலை மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். பாடியையும் அடித்தட்டையும் பிணைத்திருக்கும் இரண்டு ரிவெட்டின் தலையை 3.5 மில்லிமீட்டர் டிரில்லால் சீவி எடுத்து, தண்டில் 1.6 மில்லிமீட்டர் துளை போட்டு, எம்2 (2 மில்லிமீட்டர்) திருகுக்கு மரை வெட்டினால், பிறகு எத்தனை தடவையும் கழற்றி மாட்டலாம். ரிவெட்டின் நடுவில் குழி குத்திக்கொள்ளாமல் டிரில்லை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

குறையும் உண்டு. பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் விட்டால் விளிம்பில் பெயிண்ட் உதிரும். என் முதல் காரின் கூரை அப்படித்தான் ஆனது. தொழிற்சாலை அச்சும் பெயிண்டோடு போய்விடும், அப்புறம் டெக்கல் (ஒட்டும் படம்) தேட வேண்டும். திரும்ப விற்கிற எண்ணம் இருந்தால் கார் வரும் அட்டைப் பேக்கைக் கிழிக்கவே கிழிக்காதீர்கள். நான் அடித்த பெயிண்ட் பல வருஷம் தாங்குமா என்று கேட்டால், என் பழைய காருக்கே வயது மூன்றுதான்.

கிட்டை ஒரேயடியாகக் கைவிடவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை கொஞ்சம் ஓயும். கோடு மழுங்கிய பாடியைப் பெட்டிக்குள் எடுத்து வைத்திருக்கிறேன், உச்சி வெயிலில் அடித்துப் பழக.