‘லேசரில் ஒரே நாளில் அக்குள் நாற்றம் போகும்’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஆட்கள் கவனத்துக்கு. பாலக்காட்டில் ஓர் அழகு கிளினிக், பெயர் போடவில்லை. 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் அக்குளைப் புண்ணாக்கி அனுப்பினார்கள்.

நான் பொள்ளாச்சி தடத்தில் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்து நிற்கிற வேலை. சீட்டில் இருப்பவர் மூக்கைத் திருப்பினால் எப்படியிருக்கும் என்று இந்தத் தொல்லை உள்ளவர்களுக்குத் தெரியும். அதைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

முதலில் டாக்டரே வரவில்லை. ‘கவுன்சிலர்’ என்று ஒரு பெண், “தழும்பே இருக்காதுண்ணா, ரெண்டு நாள்ல டியூட்டிக்குப் போயிடலாம்” என்று அட்வான்ஸ் வாங்கினார். சர்க்கரை உண்டா, வேறு மருந்து போட்டுப் பார்த்தீர்களா, ஒரு கேள்வி இல்லை. ஒப்புதல் படிவம் மலையாளத்தில். நமக்குப் பேச வரும், படிக்க வராது. வாசித்துச் சொல்லுங்கள் என்றேன். “எல்லாருக்கும் உள்ள ஃபார்ம்தான்” என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

லேசரும் இல்லை, ஒன்றும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அக்குள் மடிப்பில் கீறி, தோலுக்கு அடியிலுள்ள சுரப்பிகளைச் சுரண்டினார்கள். அப்படி ஓர் ஆபரேஷன் உண்டுதான். ஆனால் தோல் திரும்ப ஒட்ட, பஞ்சுப் பொதி வைத்து இறுக்கித் தைத்துக் கட்ட வேண்டுமாம். சில நாள் கையையே தூக்கக் கூடாதாம். எனக்கு ஒரு துண்டுத் துணி, மேலே பிளாஸ்திரி, சாயங்கால பஸ். மறுநாள் இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ரத்தம் கட்டியது. போன் செய்தால் “ஐஸ் வையுங்க” என்றார்கள். அப்புறம் தோல் ஓரம் கறுத்து அழுகிவிட்டது.

புண்ணை ஆற்றியவர் கோயம்புத்தூர் தோல் டாக்டர். வியர்வைக்கு வாடை கிடையாது, தோலிலுள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது என்றார். அதனால் முதலில் பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு போட்டுக் கழுவுவது, ராத்திரி ஈரமில்லாத அக்குளில் வியர்வையைக் குறைக்கும் அலுமினியம் குளோரைடு, தேவைப்பட்டால் வியர்வையை அடக்கும் போடாக்ஸ் ஊசி. அதுவும் சில மாதம்தான் நிற்கும். கத்தி கடைசியில். அப்போதும் மிஞ்சிய சுரப்பியால் வாடை திரும்பலாம். எனக்குத் திரும்பிவிட்டது.

பணத்தைக் கேட்டால் என் கையெழுத்தைக் காட்டுகிறார்கள். சரி என்று, சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. ரசீதில் ‘லேசர்’ என்று இருக்கிறது, குறிப்பில் இல்லை. இரண்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே இடத்தில் மாட்டியவர்கள் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.