காண்டாக்ட்ஸ் மாற்ற எது நல்லது: விசிஎஃப்பா, சிஎஸ்வியா, சின்க்கா, சிம்மா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு மாற அக்கவுண்ட் சின்க் (கூகுள், ஐகிளவுட் மாதிரி அக்கவுண்ட் வழியாக நம்பர்கள் தானாகவே எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது), பத்திரமாக எடுத்து வைக்க விசிஎஃப் (.vcf) என்ற காண்டாக்ட்ஸ் கோப்பு, மொத்தமாக உட்கார்ந்து திருத்த சிஎஸ்வி (.csv) என்ற அட்டவணைக் கோப்பு. சிம் கார்டு பட்டன் போனுக்கு மட்டும், மற்றபடி எதற்கும் வேண்டாம். நாலையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைத்துக்கொண்டு கையில் கிடைத்ததைப் பயன்படுத்துவதால்தான் பாதி நம்பர் காணாமல் போகிறது, மீதிப் பாதி இரண்டிரண்டாக வருகிறது.

எதை எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் உங்கள் நம்பர்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் காண்டாக்ட்ஸ் ஆப் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டும், ஆனால் உள்ளே சில கூகுள் அக்கவுண்டில் இருக்கும், சில போனின் நினைவகத்தில் மட்டும் இருக்கும், சில சிம்மில், சில போன் தயாரித்த கம்பெனியின் அக்கவுண்டில். "சின்க் ஆன்லதான் இருந்துச்சு, ஆனா புது போன்ல பாதிப் பேரைக் காணோம்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் கதை இதுதான்: அந்தப் பாதி போனில் மட்டும் சேமிக்கப்பட்டது, கூகுளுக்குப் போகவே இல்லை. கூகுள் காண்டாக்ட்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் போனில் உள்ள காண்டாக்ட்ஸையும் சேர்த்து சின்க் செய்யும் வசதி தனியாக இருக்கிறது, அதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஐபோனிலும் ஐகிளவுட், ஜிமெயில், அலுவலக அக்கவுண்ட் என்று கலந்து கிடக்கலாம். புதிதாகச் சேர்க்கும் நம்பர் எந்த அக்கவுண்டுக்குப் போகிறது என்பதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் அலுவலக அக்கவுண்ட் இருந்தால் கட்டாயம் பாருங்கள். வேலையை விட்டதும் அந்த அக்கவுண்டை மூடிவிடுவார்கள், அதோடு நம்பர்களும் போய்விடும்.

சிம்மை சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு சிம்மில் பொதுவாக 250 பேர் வரை அடங்குவார்கள், பெயருக்கு ஒதுக்கிய இடமும் ரொம்பச் சின்னது. படம், முகவரி, பிறந்தநாள் எதுவும் தங்காது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சிம்மில் பெரும்பாலும் இரண்டு பைட் (சேமிப்பு இடத்தின் அளவு) பிடிக்கும். மாணிக்கவாசகம் என்ற பெயர் கண்ணுக்கு எட்டு எழுத்து, கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் யூனிகோட் கணக்கில் 13 குறிகள், அதாவது 26 பைட். அவர் சிம்மில் 'மாணிக்' என்று நின்றுபோனால் ஆச்சரியமில்லை. ஐபோன் சிம்மிலிருந்து நம்பர்களை எடுத்துக்கொள்ளும், சிம்முக்குத் திருப்பி எழுதாது. சாதாரண பட்டன் போனுக்குப் போகிறவருக்கு மட்டும் சிம் ஒரு வழி, அவ்வளவுதான்.

விசிஎஃப்தான் நான் அதிகம் நம்புவது. காண்டாக்ட்ஸ் விவரங்களை எழுதி வைக்கும் விகார்டு என்ற பொது வடிவத்தின் கோப்பு இது. 2.1 பதிப்பு 1996இல் வந்தது, 3.0 பதிப்பு 1998இல், 4.0 பதிப்பு 2011இல். இத்தனை வருடம் கழித்தும் ஆண்ட்ராய்டு, ஐபோன், கூகுள், ஐகிளவுட், அவுட்லுக் எல்லாமே ஏதோ ஒரு அளவுக்கு இதைப் படிக்கின்றன. ஆண்ட்ராய்டில் காண்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரே கோப்பில் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் காண்டாக்ட்ஸ் பட்டியலின் பெயரை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போர்ட் வரும், பழைய ஐபோன் என்றால் ஐகிளவுட் இணையதளத்தில் போய் எடுக்கலாம். இணைய இணைப்பு, அக்கவுண்ட், பாஸ்வேர்டு எதையும் சாராமல் உங்கள் கையில் ஒரு கோப்பாக இருக்கிறது பாருங்கள், அதுதான் இதன் பலம்.

பலவீனமும் உண்டு. எல்லா விசிஎஃப்பும் ஒன்றல்ல. ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் இன்னும் 2.1 பதிப்பில்தான் எழுதுகின்றன, ஆப்பிளும் கூகுள் இணையதளமும் 3.0. ஆங்கிலப் பெயர் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, நமக்குத்தான் தெரியும். 2.1இல் தமிழ் எழுத்து அப்படியே போகாது. சிம்மில் இரண்டு பைட் பிடித்த ஒவ்வொரு குறியும் இங்கே யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக மாறி எழுதப்படும், ஆக நம்ம மாணிக்கவாசகம் அந்தக் கோப்புக்குள் 117 எழுத்து நீளத்துக்குக் கிடப்பார். அந்த நீளம் ஒரு வரியில் அடங்காது, வரியை உடைத்து அடுத்த வரியில் தொடர்வார்கள். வாங்கும் ஆப் ஒழுங்காக எழுதப்பட்டதாக இருந்தால் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துத் தமிழாக்கிவிடும், அரைகுறையாக எழுதியதாக இருந்தால் பெயர் பாதியில் நிற்கும் அல்லது சமக்குறிகளாகவே திரையில் வந்து விழும். அதனால் விசிஎஃப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து குப்பை மாதிரித் தெரிகிறதே என்று பயந்து அழித்துவிடாதீர்கள், அது கெட்டுப்போன கோப்பு இல்லை. ஏதோ ஒரு ஆப்பில் பெயர் உடைந்து வந்தால், அதே கோப்பைக் கூகுள் காண்டாக்ட்ஸ் இணையதளத்தில் ஏற்றி, அங்கிருந்து விகார்டாகத் திரும்ப இறக்குங்கள். 3.0 பதிப்பாக வெளியே வரும், தமிழும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று, விசிஎஃப்புக்குள் படங்களும் வரும், அதனால் கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் லேபிள்கள், நட்சத்திரக் குறி, ஆளுக்கொரு ரிங்டோன் போன்றவை பெரும்பாலும் வராது. குடும்பம், வேலை என்று பிரித்து வைத்திருந்தால் அந்தப் பிரிப்பைப் புது போனில் திரும்பச் செய்ய நேரிடலாம்.

சிஎஸ்வி என்பது வெறும் அட்டவணை. போனே இதை நேரடியாகக் கேட்பதில்லை, கூகுள் அல்லது அவுட்லுக் வழியாகத்தான் உள்ளே போகும், பத்தித் தலைப்புகளும் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அதற்குத் தனியாக மூளையைக் கசக்க வேண்டாம். கூகுளிலிருந்து ஒரு சிஎஸ்வி இறக்கி, அதே தலைப்புகளின் கீழ் உங்கள் தகவலை நிரப்பினால் போதும். படங்கள் இதில் வராது, அதிகபட்சம் படத்தின் இணைப்பு மட்டும் ஒரு கட்டத்தில் இருக்கும். லேபிள்கள் வரும், அந்த ஒரு விஷயத்தில் இது விசிஎஃப்பை முந்துகிறது. ஆயிரம் பேருக்கு நாட்டுக் குறியீடு சேர்க்க வேண்டும், பெயர்களை ஒரே பாணிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிற மாதிரி வேலைகளுக்கு சிஎஸ்வியை விட்டால் வேறு வழியே இல்லை.

ஆனால் எக்ஸெல்லில் இரட்டைக் க்ளிக் செய்து திறக்காதீர்கள். தயவுசெய்து. எக்ஸெல் போன் நம்பரைக் கணக்குப் போடுகிற எண் என்று நினைத்துக்கொள்ளும், முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தூக்கும், கூட்டல் குறியைத் தூக்கும், 12 இலக்க நம்பரை 9.19877E+11 மாதிரி அறிவியல் குறியீடாகச் சுருக்கும். அந்தச் சுருக்கத்தோடு சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான், திரும்ப வராது. தமிழ்ப் பெயர்களும் புரியாத எழுத்துகளாக மாறலாம். டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடு என்ற வழியாகப் போய், யூடிஎஃப்-8 தேர்ந்து, நம்பர் பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்தால் பிரச்சினை இல்லை. கூகுள் ஷீட்ஸில் என்றால் இம்போர்ட் செய்யும்போது எண்ணாக மாற்றும் தேர்வை நீக்கிவிடுங்கள். திருத்துவதற்கு முன்னால் மூலக் கோப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கட்டும்.

அடுத்து சின்க். சுலபம் என்று பார்த்தால் இதற்கு நிகர் கிடையாது, புது போனில் அக்கவுண்டைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் சின்க் வேறு, பேக்கப் வேறு. ஒரு போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், தப்பான நம்பராகத் திருத்தினால் தப்பும் அதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் பரவும். குழந்தை கையில் போனைக் கொடுப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. கூகுளில் அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், மொத்தப் பட்டியலையும் 30 நாளுக்குள் இருந்த பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். ஐகிளவுட் இணையதளத்திலும் பழைய நகலுக்குத் திரும்பும் வசதி உண்டு. நல்ல வசதிதான், ஆனால் அக்கவுண்டுக்குள் நுழைய முடிகிற வரைக்கும்தான். பாஸ்வேர்டும் மறந்து, பழைய நம்பரும் போய்விட்டால் 30 நாளில் என்ன பிரயோஜனம்?

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐபோனில் கூகுள் அக்கவுண்டைச் சேர்த்து காண்டாக்ட்ஸை ஆன் செய்தால் ஐகிளவுட் நம்பர்கள் கூகுளுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. கூகுளில் உள்ளவை ஐபோனுக்கு வரும், ஐகிளவுட்டில் உள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டும் ஒரே திரையில் தெரிவதால் ஒன்றாகிவிட்ட மாதிரி ஒரு மாயை. இங்கே சின்க்கைவிட விசிஎஃப்தான் கைகொடுக்கும்: ஐகிளவுட்டிலிருந்து எக்ஸ்போர்ட், கூகுள் காண்டாக்ட்ஸ் இணையதளத்தில் இம்போர்ட், வேலை முடிந்தது. ஒரு தடவைக்கு 3,000 பேர் வரைதான் கூகுள் ஏற்கும், அதைத் தாண்டினால் கோப்பைப் பிரித்து ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வருகிறவர்கள் ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் ஆப்பைப் பயன்படுத்தலாம். கூகுளில் எல்லாம் ஏற்கெனவே இருந்தால் அதுகூடத் தேவையில்லை.

ப்ளூடூத்தில் அனுப்பினாலும் சாட்டில் காண்டாக்டாகப் பகிர்ந்தாலும் உள்ளே போவது அதே விகார்டுதான், ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் சரி.

எந்த வழியில் போனாலும் இரட்டை வரும், அதாவது ஒரே ஆள் பட்டியலில் இரண்டு தடவை. ஒரே விசிஎஃப்பை இரண்டு தடவை இம்போர்ட் செய்தால், அல்லது சின்க் ஆகி முடிவதற்குள் பொறுமை இழந்து கோப்பையும் ஏற்றினால், நிச்சயம் வரும். கூகுளிலும் ஐஓஎஸ் 16க்குப் பிந்தைய ஐபோன்களிலும் இரட்டைகளைச் சேர்க்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது காட்டும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஆட்கள் இருப்பது நம்ம ஊர்ப் பெயர்களில் சாதாரணம். இம்போர்ட் கேட்கும்போது எந்த அக்கவுண்டில் சேமிப்பது என்று காட்டும் திரையில் போன் என்பதை விட்டுவிட்டு அக்கவுண்டைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த முறை இவ்வளவு படிக்க வேண்டியிருக்காது.

பழைய போனை ரீசெட் செய்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டு, தமிழில் உள்ள நாலைந்து பெயர்களைத் தேடிப் பாருங்கள். அப்புறம் அந்த விசிஎஃப் கோப்பு. உங்கள் நம்பர் மட்டுமா அதில் இருக்கிறது? ஊரில் உள்ளவர்கள் நம்பர், முகவரி, பிறந்தநாள், நீங்கள் குறிப்பில் எழுதி வைத்தது எல்லாமே பூட்டில்லாமல் இருக்கிறது. டவுன்லோட்ஸில் ஒன்று, உங்களுக்கே அனுப்பிக்கொண்ட மெயிலில் ஒன்று, சாட்டில் ஒன்று என்று சிதறிக் கிடப்பவற்றை அழித்துவிட்டு, ஒரே ஒரு நகலைத் தேதி போட்ட பெயரோடு பூட்டு உள்ள இடத்தில் வையுங்கள்.