எதைல் லாக்டேட்டுடன் இரண்டு வருடம்: திருகோணமலைப் படகுப் பட்டறை அனுபவம்

திருக்கடலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவதுதான் முக்கிய வேலை. ரெசின் என்ற இறுகும் பிசின் பிடித்த தூரிகையையும் உருளையையும் கழுவுவதற்குப் பதினைந்து வருடங்களாக அசிட்டோன்தான் பாவித்தோம். மாலையானால் விரல்கள் வெளிறி, தோல் வெடித்து, உப்புத்தண்ணீர் பட்டால் எரியும். இரண்டு வருடங்களுக்கு முன்பு அதற்குப் பதிலாக, எதைல் லாக்டேட் என்ற கரைப்பானைக் கொழும்பிலிருந்து ஒரு கலன் எடுப்பித்தேன். இன்றுவரை அதை விடவில்லை. ஆனால் அதன் குணம் பிடிபட எனக்கு ஒரு மாரி காலம் முழுவதும் தேவைப்பட்டது.

சோளமாவையோ சீனியையோ நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. தயிரின் புளிப்பும் அதுதான். அந்த அமிலமும் எதனோல் என்ற மதுசாரமும் சேர்ந்தால் எதைல் லாக்டேட் கிடைக்கிறது; இப்படி அமிலமும் மதுசாரமும் சேர்ந்து உண்டாவதை எஸ்தர் என்பார்கள். வைனில் இது தானாகவே இருக்கிறது, உணவுக்கு மணமூட்டவும் சேர்க்கிறார்கள். கலனைத் திறந்தால் வெண்ணெயும் பழமும் கலந்தது போன்ற இளம் வாசனை வரும்.

அசிட்டோன் 56 பாகை செல்சியஸில் கொதிக்கும். இது கிட்டத்தட்ட 154 பாகையில்தான் கொதிக்கும். வேலையில் தெரியும் வித்தியாசம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. காலையில் கிண்ணத்தில் ஊற்றிய அசிட்டோன் மத்தியானத்துக்குள் காற்றோடு போய்விடும், கொட்டகையில் நிற்பவர்களுக்குத் தலை கனக்கும். இது அப்படியே கிடக்கிறது. விலை பல மடங்கு என்றாலும், ஒரு கிண்ணத்தை நாட்கணக்கில் வைத்துக் கழுவலாம். இறுகாத ரெசினை நன்றாகக் கரைக்கிறது. இறுகிய ரெசினிடம் மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மெதுவாக ஆவியாகும் அதே குணம்தான் எனக்கு முதல் நட்டத்தையும் தந்தது. இது தண்ணீருடன் முழுமையாகக் கலக்கும் என்பதால், கழுவிய தூரிகையைத் தண்ணீரில் அலசி, மறுநாள் காலையிலேயே வேலைக்கு எடுத்தேன். கார்த்திகை மழை, தூரிகையின் வேரில் ஈரம் நின்றிருக்கிறது. 18 அடிப் படகு ஒன்றின் அடியில் போட்ட ஒட்டு மூன்றாம் நாளும் விரலில் பாணியைப் போல ஒட்டியது. முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி போட்டேன். படகுக்கார ஐயா ஒரு வாரம் கடலுக்குப் போகவில்லை. அந்தக் கூலியை நான் வாங்கவில்லை. இப்போது மூன்று தொகுதித் தூரிகைகள் வைத்திருக்கிறோம். ஒன்று வேலையில் இருக்க, மற்ற இரண்டும் காய்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கையிலிருந்து வருவது என்று நான் சொன்னதைக் கேட்டு, எங்கள் தம்பி கண்ணாடி போடாமல் தூரிகையை உதறினான். ஒரு துளி கண்ணில் பட்டுவிட்டது. இந்த எஸ்தர் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவியபடியே வைத்திருந்து, பிறகு வைத்தியரிடம் கொண்டுபோனேன். கண் தப்பியது. அன்றிலிருந்து கண்ணாடி இல்லாமல் யாரும் கலனைத் தொடுவதில்லை. தீப்பிடிக்காது என்றும் நினைக்க வேண்டாம். அசிட்டோனின் ஆவி உறைநிலைக்கும் கீழே, மறை 20 பாகையிலேயே பற்றும். இதற்கு ஏறத்தாழ 46 பாகை போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தகரக் கூரையின் கீழ் அது பெரிய இடைவெளி அல்ல. கலனை வேப்பமர நிழலில், இறுக மூடி வைக்கிறோம்.

மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளில் ஒளியுணர் பூச்சுக்கும், சுவர்க் கிறுக்கல்களை அகற்றவும், உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் இதே திரவம் பயன்படுகிறது. மண்ணில் சிதைந்து நீரும் காபனீரொட்சைட்டும் ஆகிவிடும். ஆனால் அதில் கரைந்த ரெசின் அப்படிச் சிதையாது. எங்கள் வடிகால் நேரே கடலுக்குப் போகிறது. அதனால் அடியில் தங்கும் கசட்டைத் தகரத்தில் சேர்த்து வைக்கிறோம், ஒரு சொட்டும் வடிகாலில் விடுவதில்லை.

அசிட்டோன் போத்தல் ஒன்று இன்னும் தட்டில் இருக்கிறது. ஒட்டுப் போடுவதற்கு முன் படகின் மேற்பரப்பைக் கடைசியாகத் துடைக்க, உடனே உலரும் அதுதான் வேண்டும். முன்பு ஒரு வாரத்தில் தீர்ந்த போத்தல் இப்போது இரண்டு மாதம் வருகிறது.