நெட்காரர் கொடுத்த பாக்ஸா, சொந்த ரவுட்டரா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் லைன் போட்டபோதே வைஃபை பாக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதன் செட்டிங்ஸில் 'பிங் டெஸ்ட்' என்று ஒரு பக்கம் உண்டு. ஒரு முகவரி அடித்து நெட் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு ராத்திரி, எங்கோ படித்ததைச் சோதிக்கலாமே என்று முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு, 'ரீபூட்' என்று சேர்த்து அடித்தேன். பாக்ஸின் விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. "டேய், சீரியல் நின்னுபோச்சு பாரு" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல்.

கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். முகவரி கேட்ட இடத்தில் கட்டளையை ஒட்டிக் கொடுத்தால், பாக்ஸ் அதைச் சலித்துப் பார்க்காமல் உள்ளே ஓடும் லினக்ஸ் இயங்குதளத்திடம் நீட்டிவிடுகிறது. பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது எதையும் செய்யும் முழு உரிமையோடு. நான் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய்த்தான் இதைச் செய்தேன். ஆனால் அந்த பாஸ்வேர்ட் 'அட்மின்'. லைன் போட வந்த தம்பி எங்கள் தெருவுக்கே அதைத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆக, முன்னால் இருந்தவை மூன்று வழிகள். அதே பாக்ஸோடு இருப்பது, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று மென்பொருள் போட்ட ரவுட்டர், தானாக அப்டேட் ஆகும் புது ரவுட்டர். நான் மூன்றாவதை எடுத்தேன்.

வேகம், ரேஞ்ச், விலை பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். எனக்கு ஒரே கேள்விதான்: ஓட்டை தெரிந்த பிறகு, அதை அடைக்கும் ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் புதுப் பதிப்பை, வீட்டு ரவுட்டரில் யார் ஏற்றுவது?

டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 கதையைப் பாருங்கள். அதில் இருந்த ஓட்டைக்கு பாஸ்வேர்டே தேவையில்லை. நாட்டைத் தேர்வு செய்யும் இடத்தில் கட்டளையைச் செருகினால் போதும். 2023 மார்ச்சில் கம்பெனி திருத்தம் வெளியிட்டது. ஏப்ரலிலேயே, சாதனங்களைக் கைப்பற்றித் தன் படையாக்கிக்கொள்ளும் மிராய் பாட்நெட் அந்த ஓட்டை வழியாக நுழைய ஆரம்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டது அப்டேட் செய்யாத ரவுட்டர்கள்தான். பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்திருந்தாலும் அங்கே பயனில்லை.

நெட்காரர் பாக்ஸில் இந்த வேலை நம் கையில் இல்லை. அப்டேட் அவர்கள் அனுப்பினால்தான் உண்டு. என்னுடையதில் மூன்று வருடமாக ஃபர்ம்வேர் எண் மாறவே இல்லை.

ஓப்பன்டபிள்யூஆர்டி மேல் எனக்கு மரியாதை உண்டு. கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கும் அது உயிர் கொடுக்கும். பெரம்பூரில் ஒரு நண்பர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய மலிவு ரவுட்டர்களில் இன்றைய பதிப்பு ஏறாது. அதைவிட முக்கியம், புதுப் பதிப்பு வந்தால் அது தானாக ஏறுவதில்லை; யாராவது உட்கார்ந்து பட்டனை அழுத்த வேண்டும். நான் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மாவை அழுத்தச் சொல்ல முடியுமா? நானே ஒரு வாரம்தான் விளையாடிப் பார்த்திருக்கிறேன், அதனால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லவில்லை.

புது ரவுட்டரை ரிச்சி தெருவில் வாங்கினேன். வந்ததும் ஆட்டோ அப்டேட்டை விடியற்காலை மூன்று மணிக்கு வைத்தேன், வெளியே இணையத்திலிருந்து செட்டிங்ஸைத் திறக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்தேன். இதுவரை இரண்டு அப்டேட் ஏறியிருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இந்த மாதிரி சாதனங்களுக்கு எதுவரை செக்யூரிட்டி அப்டேட் தருவோம் என்று கம்பெனிகள் அறிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் கம்பெனியின் பிரிட்டன் வலைத்தளத்தில் மாடலைத் தேடினால் தேதி கிடைக்க வாய்ப்பு அதிகம். இங்கே விற்கும் ரவுட்டருக்கு அந்த வாக்குறுதி சட்டப்படி செல்லாதுதான், ஆனாலும் ஓர் அளவுகோல். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வி1, வி2 என்று இருப்பதையும் பாருங்கள். ஒரே பெயர், உள்ளே வேறு ஹார்டுவேர், ஃபர்ம்வேரும் வேறு. கடைக்காரர் ஆயிரம் ரூபாய் குறைத்து நீட்டிய மாடலை நான் வேண்டாம் என்றது இந்தத் தேதியைப் பார்த்துத்தான்.

ஒரு குறை இருக்கிறது. ஃபைபர் வருவது இன்னும் பழைய பாக்ஸ் வழியாகத்தான், புதுசு அதன் பின்னால் நிற்கிறது. பழையதில் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபையை அணைத்து வைத்திருக்கிறேன், பாதி வைத்தியம். அதை பிரிட்ஜ் மோடில் போட்டுவிட்டால் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும். அதை நெட்காரர்தான் செய்து தர வேண்டும். மூன்று முறை போன் செய்துவிட்டேன். "பார்த்துட்டுச் சொல்றோம் சார்" என்கிறார்கள்.